ஐம்பது மில்லி

திருகாணிகளைக் கொட்டிவிட்டுக் கழுவினேன் அதை.
ஐம்பது மில்லி பிளாஸ்டிக் கோப்பை,
காபி குடித்தால் இரண்டு மடக்கு.
அறுவைக்குப் பிறகு ஒரு மாதம்
அதுதான் என் தட்டு, என் பானை, என் பந்தி.
வடிகட்டிய கோழிச்சாறு,
கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து.

ஐம்பத்திரண்டு கிலோ போனது.
போன இடம் தெரியவில்லை.

பெலோ ஒரிசோஞ்சியில் பேருந்து ஏறினால்
நடத்துநர் அருகே ஒரு சுழல்தடுப்பு,
மூன்று இரும்புக் கைகள்.
அதில் ஒருமுறை சிக்கியவளுக்குத்தான் தெரியும்
நாற்பது பேர் ஒரே நேரத்தில்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் சத்தம்.

மெலிந்த ஆண்டில்
போக இடமில்லாமலே பேருந்து ஏறினேன்.
பைகளைத் தலைக்குமேல் தூக்காமல்
பக்கவாட்டில் திரும்பாமல்
மூச்சைப் பிடிக்காமல்
கிளிக்.
அந்தச் சத்தத்துக்காகவே டிக்கெட் எடுத்தேன்.

பிறகு?
பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் சாகவில்லை. யாரும் விட்டுப் போகவில்லை.
ரொட்டி தொண்டையில் நின்றது, இறைச்சி நெஞ்சில் நின்றது,
கண்டென்ஸ்டு மில்க் மட்டும்
சாவி வைத்திருப்பவள் போல உள்ளே போனது.
ஒரு கரண்டி. டிவி.
ஒரு கரண்டி.
மூன்று வருடத்தில் முப்பத்தொரு கிலோ.

தையல் சாமான் கடையில் எலாஸ்டிக் வெட்டுகிறேன் நான்.
இழுத்துப் பிடித்து அளக்காதே,
தளரவிட்டு அள என்பார் முதலாளி துவார்ச்சி.
மற்றவர்களுக்கு அப்படித்தான் அளந்தேன்.

மருத்துவமனையிலிருந்து போன் வரும்.
"தோனா இவொனெச்சி இருக்கிறாரா?"
"ஊரில் இல்லை" என்றேன்,
என் சொந்தக் குரலில்.

பக்கத்துக் கட்டில் மரில்சா.
ஒரே காலை, ஒரே கத்தி.
வருடா வருடம் அந்தத் தேதியில்
ஆளுக்கொரு ஸ்பூன் ஜெல்லியை மோதிக் கொண்டாடினோம்.
பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும்.
போன புதன்கிழமை சூப்பர் மார்க்கெட்டில்
அவள் நடையைத் தூரத்திலேயே கண்டு
சோப்பு வரிசைக்குள் ஓடி ஒளிந்தேன்.
அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்தாள் அவள்.
என் கூடையில் நான்கு டின்.
அவள் கூடையில் ஆறு.
முதலில் யார் சிரித்தது என்று இன்னும் சண்டை.

அன்று இரவுதான் திருகாணிகளைக் கொட்டினேன்.
விட்ட இடத்தில் அல்ல,
தொட்ட இடத்திலேயே தொடங்கலாமென்று.
முதல் மடக்கில் லேசாய்த் துருவாடை.
பதினோரு மணிக்குப் பசி
பூட்டிய கதவை உதைத்தது.
கதவைத் திறந்துவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.
கொஞ்சம் இருக்கிறது.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து போனோம்.
திட்டு வாங்கத் தயாராய்த் தோளைக் குறுக்கி உட்கார்ந்தேன்.
உணவு ஆலோசகர் ஜாசியாரா எண்ணை எழுதிக்கொண்டாள்,
காய்கறி விலை எழுதுவதைப்போல.
ரத்தம் பார்க்கலாம். மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் சொல்வார்.
கோப்பையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.
"இது புண் ஆறும்வரை.
உங்களுக்குத்தான் ஆறிவிட்டதே,
திருகாணியையே போடுங்கள்."
எழுதியபடியே கேட்டாள்,
"ராத்திரி யாரோடு சாப்பிடுகிறீர்கள்?"

டயட் தாள்களில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இருந்ததில்லை.

வரும் வழியில் தடுப்பு இடுப்பை உரசியது.
உரசட்டும்.
இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி
மேட்டில் ஏறினோம், நாலு முறை நின்று,
நின்றதற்கெல்லாம் யாரோ வீட்டுப் பூச்செடியைக் காரணம் காட்டி.

இப்போது மணி ஏழரை.
சின்னத் தட்டு. இரண்டு முட்டை, கொஞ்சம் கீரை, பீன்ஸ்.
டிவியை அணைத்தாயிற்று.
மேசைமேல் போன், ஸ்பீக்கரில் மரில்சா,
அவள் மெல்லும் சத்தம் இங்கே கேட்கிறது.
"எத்தனை நிமிடம் ஆச்சு?"
"மூன்று."
"இன்னும் பதினேழா? கடவுளே."
சரி, பேசு என்கிறேன்.
உன் மாப்பிள்ளை அந்த நாயை என்ன செய்தான்?
முதலிலிருந்து சொல்.